பயம்: ஆறு படிகளில்

பென்சில் என்றுதான் எல்லோரும் அவனைக் கூப்பிட்டார்கள். ஆளும் அப்படித்தான் இருப்பான்: ஒல்லியாக, உயரமாக, காதுக்குப் பின்னால் எப்போதும் ஒன்றைச் செருகிக்கொண்டு. இளவயதில் படக்கதை வரைந்து ஊரைக் கலக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஊர் கலங்கவில்லை, வயிறுதான் கலங்கியது. கடைசியில், படக்கதை வரைவது எப்படி என்று பிறருக்குச் சொல்லித்தரும் புத்தகங்களை எழுதிப் பிழைக்க ஆரம்பித்தான்.

அந்தப் பிழைப்பின் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். பதிப்பகத்தில் எல்லாமே தலைகீழ். முதலில் அட்டை தயாராகும். அடுத்து பக்கங்களின் எண்ணிக்கை. அதற்கும் பிறகுதான் எழுதுகிறவனைத் தேடுவார்கள். சாகச வீரர்கள், எந்திர மனிதர்கள், வில்லன்கள், நாய் பூனைகள் என்று வரிசையாக அவன் எழுதித் தள்ளினான். எதைச் சொல்லிக்கொடுத்தாலும் ஆறே படிகளில் முடிய வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். சுண்டெலிக்கும் ஆறு, டைனோசருக்கும் ஆறு. முதல் படியில் ஒரு வட்டம், இரண்டாவதில் குறுக்கே ஒரு கோடு என்று குழந்தை விளையாட்டு மாதிரி போகும். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு கிணறு இருக்கும். வாங்கியவர்களில் பாதிப் பேர் அதில் விழுந்து, இது நமக்குச் சரிப்படாது என்று புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

ஃப்ரீலான்ஸ் என்பது கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. வாடகைக்கு அறை கேட்கும்போது சொன்னால் வீட்டுக்காரரின் முகம் சுருங்கிவிடும். மாதச் சம்பளம் இல்லாதவனை எவன் நம்புவான்? ஆகவே பென்சில் அறை மாறிக்கொண்டே இருந்தான். கடைசியாகப் பிடித்தது ஒரு சலவைக் கடைக்கு மேலே. தரையில் வெறுங்காலை வைத்தால் கீழே ஓடும் இஸ்திரியின் சூடு தெரியும். இப்படி நாடோடியாகத் திரிந்ததால் ஒப்பந்தம், வங்கி, பதிப்பகம் அனுப்பும் ஆசிரியர் பிரதிகள் எல்லாவற்றுக்கும் அவன் கொடுத்திருந்த நிரந்தர முகவரி அக்காவின் வீடுதான்.

மாடல் வைத்து வரைய அவனுக்கு வசதி கிடையாது. எனவே கண்ணில் பட்டதை வரைவான். அவனுடைய விண்வெளிக் கொள்ளையனுக்குச் சலவைக் கடைக்காரரின் தாடை. கொள்ளையனின் கப்பல், அறை மூலையில் கிடந்த பழைய வெந்நீர் பாய்லர். நாற்காலி, ஜன்னல், கதவு என்று வீட்டுச் சாமான் எது தேவைப்பட்டாலும் அக்கா வீட்டிலிருந்து எடுத்துக்கொள்வான். திருட்டு என்று சொல்ல முடியாது. அதெல்லாம் யாருடையது என்று வாசகனுக்குத் தெரியவா போகிறது என்பதுதான் அவன் நியாயம். அந்த நியாயம் பல வருடம் செல்லுபடியானது.

அக்காவுக்குக் கல்யாணம் தாமதமாகத்தான் நடந்தது. அத்தான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வாடிக்கையாளரின் முகத்துக்கு நேரே குனிந்து, ஒரு கண்மணிக்கும் மறு கண்மணிக்கும் உள்ள தூரத்தைச் சின்ன அளவுகோலால் அளப்பார். அளக்கும்போது அவர் மூச்சு விடுவதே தெரியாது. பென்சிலுக்கு இரண்டு முறை காசு வாங்காமல் கண்ணாடி போட்டுக் கொடுத்திருக்கிறார். கையில் விளக்கு வைத்துக்கொண்டு தேடினாலும் இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்க மாட்டார், தங்கமான மனுஷன் என்று உறவுக்காரர்கள் வாய் ஓயாமல் சொன்னார்கள். தங்கம் என்றால் உரசிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பென்சிலுக்கும் தோன்றவில்லை.

இந்த நேரத்தில்தான் பதிப்பகத்திலிருந்து புதிய அட்டை ஒன்று வந்தது. 'நூறு முகங்கள்: காமிக்ஸில் உணர்ச்சிகளை வரைவது எப்படி?' நூறு முகத்துக்கு எங்கே போவது? கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பல்லை இளித்துப் பார்த்தான். எல்லா உணர்ச்சியும் பல்வலி மாதிரியே வந்தது. அக்காவிடம் போனான்.

அக்கா சின்ன வயதிலிருந்தே முகத்தை வைத்து வித்தை காட்டுகிறவள். கணக்கு டீச்சர், சித்தப்பா, கடன் கேட்க வரும் பக்கத்து வீட்டுக்காரி என்று யாரையும் விட்டுவைக்க மாட்டாள். அவள் செய்ய, தம்பி வரைய, இருவரும் சேர்ந்து அடி வாங்கிய கதைகள் நிறைய உண்டு. இப்போது கேட்டதும் ஒரு நிமிடம் யோசித்தாள். அவர் கடைக்குப் போன பிறகு வந்து, மதியத்துக்குள் கிளம்பிவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அவருக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும், காகிதமும் ரப்பர் தூளுமாகக் கிடந்தால் பிடிக்காது என்றாள். நியாயம்தானே என்று பென்சிலும் தலையாட்டினான்.

ஜன்னலோர நாற்காலியில் அக்கா உட்காருவாள். பொறாமை என்றால் பொறாமை. புடவையின் விலைச்சீட்டைப் பார்த்த அதிர்ச்சி என்றால் அது. அடுத்தவர் பிள்ளையைப் புகழ்வதைக் கேட்டுக்கொண்டு சிரிக்க வேண்டிய கட்டாயம் என்றால், அதையும் அச்சு அசலாகச் செய்து காட்டுவாள். செய்துவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்தக் காலைகளில் மட்டும்தான் என்பது தம்பிக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள வாய்ப்பில்லாமல் இல்லை. டீ குடித்ததும் இரண்டு கோப்பைகளையும் உடனே கழுவி, ஈரம் போகத் துடைத்து, காதுகள் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கி வைப்பாள். தம்பி எழுந்ததும் அவன் உட்கார்ந்த மெத்தையின் குழியைக் கையால் தட்டி மேடாக்குவாள். பென்சில் இதையெல்லாம் பார்த்தான். பார்த்து, 'சுத்தம் பார்க்கும் பெண்ணின் கைகள்' என்று அரைப் பக்கத்துக்கு ஒரு பாடம் எழுதினான். நடையின் கோடியில் இருந்த சிறிய அறைக் கதவில், வெளிப்பக்கமாகப் புதிதாக ஒரு தாழ்ப்பாள் அடித்திருந்தது. கடைச் சரக்கு வைக்க என்றாள் அக்கா. ஒருநாள் எட்டிப் பார்த்தபோது உள்ளே சரக்கு எதுவும் இல்லை. ஜன்னல் இல்லாத அறையில் ஒரு முக்காலி மட்டும் இருந்தது. அந்தத் தாழ்ப்பாளின் நிழல் அழகாக விழுந்ததால், 'சந்தேகம்' என்ற பக்கத்துக்கு அதையும் வரைந்துகொண்டான். அடுத்தவன் வீட்டுச் சுவரில் உள்ள விரிசலைக்கூடக் கவனிக்கும் கண் அவனுக்கு. அந்தக் கண்ணைக் கொண்டுபோய் எங்கே வைத்தான் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

எல்லா முகமும் வந்தது, பயம் மட்டும் வரவில்லை. அக்கா கண்ணை உருட்டினாள், வாயைப் பிளந்தாள், கன்னத்தில் கை வைத்தாள். நாடகத்தில் பேயைக் கண்டவள் மாதிரி இருந்ததே தவிர பயமாக இல்லை. மூன்று காலைகள் வீணாகின. உனக்குப் பயமே கிடையாதா என்று பென்சில் கிண்டல் செய்தான். பயப்படுகிற முகத்தை வெளியே காட்டக் கூடாது என்று பழகிவிட்டேன் என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்ததால் அவன் அதை நகைச்சுவைக் கணக்கில் சேர்த்துவிட்டான்.

அப்போதுதான் வாசல் கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் யாரும் வரக் கூடாது.

அக்காவின் முகம் மாறியது. கண் அகலவில்லை, வாய் திறக்கவில்லை. பென்சில் இத்தனை வருடம் வரைந்து வைத்த பயம் எல்லாம் பொய் என்பது போல, முகத்தில் இருந்தது எல்லாம் உள்ளே போய் ஒளிந்துகொண்டது. காது மட்டும் முன்னால் வந்த மாதிரி இருந்தது. தோள் லேசாக ஏறியது. பார்வை கோப்பைகளுக்கு ஓடி, மெத்தைக்கு ஓடி, கதவில் போய் நின்றது. புருவத்தின் உள்முனை மட்டும் நூலளவு மேலே தூக்கியிருந்தது.

பென்சிலுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சந்தோஷத்தில்தான், அந்தக் கொடுமையை வேறு எப்படிச் சொல்வது. கை தானாக ஓடியது.

"அசையாதேக்கா, அப்படியே இரு. இதான் வேணும்."

அவள் அசையவில்லை. கண்ணை மட்டும் திருப்பி அவனை ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வையையும் அவன் வரைந்தான்.

அத்தான் உள்ளே வந்தார். செருப்பைச் சுவருக்கு நேராக வைத்தார். மச்சான் வந்திருப்பது தெரிந்திருந்தால் ஏதாவது வாங்கி வந்திருப்பேனே என்று மெதுவாகக் குறைபட்டுக்கொண்டார். கழுவாத கோப்பைகளைப் பார்த்தார். மேஜையில் இருந்த ரப்பர் தூளை ஒரு விரலால் தொட்டு எடுத்து, பார்த்துவிட்டு, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். கோபம் என்று எதையும் சொல்ல முடியாது. பென்சில் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான். அக்கா வாசல் வரை வந்து, கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு வழக்கத்தை விட ஒரு நொடி அதிகமாக நின்றாள். பாவம், உட்கார்ந்து உட்கார்ந்து களைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, அவன் படிகளில் துள்ளி இறங்கினான்.

அதற்குப் பிறகு அக்கா படத்துக்கு உட்கார ஒப்புக்கொள்ளவில்லை. வேலை இருக்கிறது, உடம்பு சரியில்லை என்று போனில் ஏதாவது சொன்னாள். பேச்சும் குறைந்தது. பாதிக்கு மேல் 'ம்' என்றே போனது. பென்சிலுக்குக் கெடு தலைக்கு மேல் இருந்தது. மிச்ச முகங்களை நினைவிலிருந்து வரைந்து ஒப்பேற்றினான். பயத்தின் பக்கத்துக்கு மட்டும் நேரம் எடுத்துக்கொண்டான். ஆறு படிகளையும் பிசகில்லாமல் பிரித்தான். பக்கத்திலேயே அக்கா வீட்டு வாசல் கதவையும் வரைந்தான்: கொஞ்சம் திறந்தபடி, பூட்டில் தொங்கும் சாவியோடு, சாவி வளையத்தில் சின்ன மூக்குக் கண்ணாடி பொம்மையோடு. கீழே அவனுக்கே பெருமையாக இருந்த ஒரு குறிப்பு: 'பயத்தை வரைய வேண்டுமா? பூதத்தை வரையாதீர்கள். அவள் யார் வருகைக்குப் பயப்படுகிறாளோ, அவர் திறக்கும் கதவை வரையுங்கள்.'

பதிப்பகத்தில் தலைக்கு மேல் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். இதுவரை வந்ததிலேயே இதுதான் சிறந்த பக்கம், விளம்பரத்துக்கே இதைப் போடலாம் என்று பதிப்பாசிரியை சொன்னாள். புத்தகம் அச்சுக்குப் போனது. இரண்டு வாரம் பென்சில் தரையில் கால் பாவாமல் நடந்தான்.

அடுத்த புத்தகத்தைப் பற்றிப் பேச ஒருநாள் காலையில் அலுவலகத்துக்குப் போனான். படங்களுக்கு வண்ணம் போடுகிற பெண் அவனைத் தன் கணினி பக்கம் கூப்பிட்டாள். அவள் அதிகம் பேசாதவள். ஒவ்வொரு முகத்தையும் பெரிதாக்கி மணிக்கணக்கில் பார்ப்பதுதான் அவள் வேலை. திரையில், விளம்பரத்துக்காக எடுத்த பயத்தின் பக்கம் இருந்தது. மாடலாக இருந்தவர் யார் என்று கேட்டாள். எங்க அக்கா என்றான் பென்சில், பெருமையாக.

"எல்லாப் பக்கத்துலயும் உங்க அக்கா நடிக்கறாங்க," என்றாள் அவள். "இதுல மட்டும் நடிக்கல. கதவுக்கு அந்தப் பக்கம் யாரு?"

பென்சில் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. யார் என்ற கேள்விக்கு விடை அவனே வரைந்து வைத்த சாவியில் தொங்கிக்கொண்டிருந்தது. கோப்பைகள், மெத்தையின் குழி, மதியத்துக்குள் போய்விடு என்றது, ஜன்னல் இல்லாத அறை, அதன் வெளிப்பக்கத் தாழ்ப்பாள் என்று எல்லாம் வரிசையாக வந்து நின்றன. உள்ளே இருப்பதைக் காக்கத் தாழ்ப்பாள் எதற்கு, பூட்டல்லவா போடுவார்கள்? எதிரில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

அதைவிடப் பெரிய பயம் அடுத்த நொடியே வந்தது. அத்தான் அவனுடைய எல்லாப் புத்தகங்களையும் வாசிப்பார். ஒரு வரி விடாமல், பக்க எண்கள் உட்பட. மச்சான் புத்தகம் என்று கடையில்கூட ஒன்று வைத்திருப்பார். தன் சாவிச் சத்தம் கேட்டதும் மனைவியின் முகம் எப்படிப் போகிறது என்பதை, அவள் தம்பி ஆறு படிகளில் பிரித்து, படம் போட்டு, ஊருக்கே விளக்கியிருப்பதை அந்த மனிதர் பார்க்கப் போகிறார். அவள்தான் உட்கார்ந்து காட்டிக்கொடுத்தாள் என்றுதானே நினைப்பார்?

பதிப்பாசிரியையிடம் ஓடினான். அந்தப் பக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்றான். அவள் அவனை விநோதமாகப் பார்த்தாள். அச்சு முடிந்து கட்டியாகிவிட்டது என்றாள். கடைகளுக்குப் போக இன்னும் நாளிருக்கிறது, ஆனால் உங்கள் பிரதிகள் நேற்றே கூரியரில் போய்விட்டன. வழக்கமான நிரந்தர முகவரிக்குத்தான் என்றும் சொன்னாள், ஏதோ நல்ல செய்தி சொல்வது போல.

படிகளில் இறங்கியபடியே அக்காவின் எண்ணை அழைத்தான். வெகுநேரம் அடித்தது. எடுத்தது அத்தான்.

"சொல்லுங்க மச்சான். இன்னிக்குக் கடைக்கு லீவு விட்டுட்டேன். உங்க புத்தகம் வந்திருக்கு. நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பாத்துட்டிருக்கோம்."

அக்காவிடம் கொடுங்கள் என்றான் பென்சில். அவளால் இப்போது அசைய முடியாது, அவசரமில்லாமல் வாருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

போகிற வழியெல்லாம் பென்சில் தன்னோடு வழக்காடினான். ஒருவேளை எல்லாம் நம் கற்பனையோ? ஒழுங்கு பார்க்கிற மனிதர், அவ்வளவுதானோ? இரண்டு கண்ணாடி சும்மா கொடுத்தவரைப் பற்றி இப்படி நினைக்கலாமா? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று இன்னும் கொஞ்ச நேரம் நம்பப் பார்த்தான். முடியவில்லை. 'அசைய முடியாது' என்ற வார்த்தை உள்ளே கிடந்து அரித்தது. கடைசித் தெருவை ஓடியே கடந்தான்.

வாசல் கதவு சாத்தாமல் இருந்தது. உள்ளே ஜன்னலோர நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள், முகம் கதவைப் பார்த்தபடி. கைகள் மடியில் இருந்தன. காயம், கீறல் என்று எதுவும் இல்லை. புடவை மடிப்புக் கலையவில்லை. ஆனால் உதடு வெளுத்து, கண் ஓரத்தில் ஈரம் காய்ந்து போயிருந்தது. எத்தனை நேரமாக அப்படி உட்கார்ந்திருக்கிறாளோ.

அவளுக்கு எதிரே மேஜையில் அத்தான். முன்னால் வெள்ளைக் காகிதங்கள், சீராகச் சீவிய பென்சில்கள், கடையிலிருந்து கொண்டுவந்த அளவுகோல். புத்தகம் அந்தப் பக்கத்தில் விரிந்து, மூடாமல் இருக்க இருபுறமும் கண்ணாடிப் பெட்டிகள் வைத்து அழுத்தியிருந்தது. அவர் வரைந்துகொண்டிருந்தார்.

"வாங்க மச்சான்," என்றார், தலை நிமிராமல். "காலையிலேருந்து முயற்சி பண்றேன். நீங்க எழுதியிருக்கறது ரொம்பத் தெளிவா இருக்கு. வட்டம் வந்துடுச்சு, கோடு வந்துடுச்சு. கண்ணு மட்டும் கொஞ்சம் தகராறு. அதான் இவளை உக்கார வெச்சேன். கொஞ்சம் கொஞ்சமா சரியா வருது."

எழுந்து போய் அளவுகோலை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்து அளந்தார். அது தோலில் படவில்லை. அக்கா இமைக்கவும் இல்லை. திரும்பி வந்து ஒரு புள்ளி வைத்தார்.

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்துறேன்," என்றார் மறுபடியும் அதே மெல்லிய குரலில். "என்னைப் பாத்தா இவ இப்படி ஆயிடுவான்னு நீங்க புத்தகம் போட்டுத்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு. சொல்லலாம்ல மச்சான். வீட்டுக்குள்ள பேசித் தீத்திருக்கலாம்ல."

பென்சில் வீரன் இல்லை. வீரர்களை வரைந்திருக்கிறான், அவ்வளவுதான். அவர் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பான். இந்த மரியாதையை எப்படி எதிர்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. நடையின் கோடியில் அந்தச் சின்ன அறையின் கதவு முழுவதும் திறந்திருந்தது. முக்காலிக்கு மேல் மடித்த போர்வை ஒன்றும் தண்ணீர் பாட்டில் ஒன்றும் புதிதாக இருந்தன. அதைப் பார்த்ததும்தான் அவனுக்குக் குரல் வந்தது.

"அக்கா, கிளம்பு. என்னோட வா."

காகிதத்தில் பென்சில் உரசும் சத்தம் நின்றது. அத்தான் நிமிர்ந்து முதலில் மச்சானைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். அக்கா எழுந்தாள். மரத்துப்போன கால் மடங்கியது. நாற்காலியைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டாள். அவள் கை பழக்கத்தில் மெத்தையைத் தட்டப் போய், பாதியில் நின்றுவிட்டது.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க," என்றார் அத்தான். "காத்தாட நடந்தா அவளுக்கும் நல்லதுதான். நானும் இதை முடிச்சுடறேன். எங்க போயிடப் போறீங்க?"

அவர் தடுக்கவில்லை. எழுந்திருக்கக்கூட இல்லை. அவர்கள் படியிறங்கும்போது மேலே மறுபடியும் பென்சில் உரசும் சத்தம் கேட்டது.

முதலில் வந்த பேருந்தில் ஏறினார்கள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து கைகளைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். கைப்பை, மாற்றுத்துணி, போன் எதுவும் எடுத்து வரவில்லை. நடத்துனர் வந்து எங்கே என்று கேட்டார். பென்சில் சலவைக் கடை நிறுத்தத்தைச் சொல்ல வாயெடுத்தான். அக்கா அவன் கையை அழுத்தினாள். அந்த அறை அவருக்குத் தெரியும் என்றாள். கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்தவரே அவர்தானே, இன்னொரு சாவி அவரிடம் இருக்கிறது என்றாள். பென்சில் ஒவ்வொரு உறவுக்காரராக மனதில் கூட்டிப் பார்த்தான். தங்கமான மனுஷன் என்று சொல்லாத வீடு ஒன்றுகூடத் தேறவில்லை. கடைசி நிறுத்தத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினான்.

அந்தச் சின்ன அறையைப் பற்றி மெதுவாகக் கேட்டான். ஆமாம் என்றாள். முதலில் கொஞ்ச நேரம்தான் இருந்தது, அப்புறம் பொழுது முழுக்க என்றாள். அடிப்பதில்லை. என்ன தப்பு என்று யோசித்துவிட்டு வா என்று சொல்லித் தாழ்ப்பாள் போடுவார். நீ வந்துபோன அன்றைக்கு இரண்டு கோப்பைக்காக என்றாள். வேறொருத்தி கதையைச் சொல்வது போல வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். பென்சில் அழுதான். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார், அதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை.

போன் அதிர்ந்தது. அத்தான் ஒரு படம் அனுப்பியிருந்தார்.

முடித்துவிட்டார். பிறந்ததிலிருந்து படம் வரைந்து பழகாத மனிதர். தலையின் வடிவம் கோணல், கழுத்து ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஆனால் அந்தக் கண், அந்தப் புருவத்தின் உள்முனை, உள்ளே போய் ஒளிந்துகொண்ட அந்த முகம் அப்படியே இருந்தது. பென்சில் வரைந்ததை விட நன்றாக இருந்தது. கீழே 'எப்படி இருக்கிறது, மச்சான்? நேரில் பேசுவோம்' என்று எழுதியிருந்தது.

மறைப்பதற்குள் அக்கா போனை வாங்கிவிட்டாள். படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கு," என்றாள். "தினமும் பாக்கறாரில்ல."

அவள் போனை அவன் மடியில் வைத்தாள்.

"நீ ஒரு தடவைதான் பாத்தே. ஆனா நீ பாத்துட்டேன்னு எனக்குத் தெரிஞ்சுது. அசையாதேன்னு சொன்னியா, ஏதோ செய்யப் போறேன்னு நெனச்சேன். அந்த ரூமுக்குள்ள உக்காந்து, தம்பி பாத்துட்டான், நாளைக்கு வந்துடுவான், நாளைக்கு வந்துடுவான்னு சொல்லிட்டே இருந்தேன். நீ அங்க கண்ணு சரியா வந்துச்சான்னு பாத்துட்டு இருந்திருக்கே."

பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று சிலரை ஏற்றிக்கொண்டது. ஏறிய ஒவ்வொருவரின் முகத்தையும் இருவரும் பார்த்தார்கள்.